நீரோட்டத்தைக் கணக்கிட எந்தக் கணிப்பொறி?

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. இயற்பியல் மாணவன்)



சென்ற ஆடி மாதம் திருப்பூரிலிருந்து விடுமுறையில் வந்த என் அக்கா, கைப்பையிலிருந்து வங்கிப் புத்தகத்தை எடுத்து என் முன்னே வைத்தாள். பனியன் கம்பெனியில் 'செக்கிங்' பிரிவில் ஆறாண்டுகள் நின்றுகொண்டே வேலை பார்த்துச் சேர்த்த பணம் அதில் இருந்தது. "தம்பி, அறுபதாயிரம் வரைக்கும் எடுத்துக்க. உன் படிப்புக்கு என்ன கம்ப்யூட்டர் வேணுமோ வாங்கிக்க. அப்புறம் அது இல்லாமப் போச்சு, இது இல்லாமப் போச்சுன்னு சொல்லக் கூடாது" என்றாள்.

அக்கா பிளஸ் டூவில் என்னைவிட அதிக மதிப்பெண் பெற்றவள். 2011இல் தொடங்கிய அரசின் இலவச மடிக்கணினித் திட்டத்தில் அவளுக்கு மடிக்கணினி கிடைத்தது, கல்லூரி கிடைக்கவில்லை. அந்த மடிக்கணினியில்தான் நான் இன்று படிக்கிறேன். வட்டாட்சியர் அலுவலகத்தில் வாங்கிய 'முதல் பட்டதாரி' சான்றிதழில் என் பெயர் இருக்கிறது. நியாயமாக அதில் இருந்திருக்க வேண்டியது அவள் பெயர். ஆகவே இந்த அறுபதாயிரத்தை எப்படிச் செலவிடுவது என்பது எனக்கு வெறும் கடைக் கணக்கு அன்று. மூன்று மாதங்கள் அதையே எண்ணிக்கொண்டிருந்தேன். எண்ணியதன் விளைவே இக்கட்டுரை.

இயற்பியல் மாணவனுக்கு அவ்வளவு பெரிய கணிப்பொறி எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். என் தந்தை எங்கள் ஊர்க் கண்மாயில் நீர்க்கட்டி. எந்த மடையை எவ்வளவு நேரம் திறப்பது, யார் வயலுக்கு எப்போது தண்ணீர் என்பதெல்லாம் அவர் பொறுப்பு. கண்மாய்க்குக் கீழே வாய்க்காலின் நடுவில் ஒரு பழைய இரும்புக் குழாய் செங்குத்தாக நிற்கிறது. சாண் அகலத்துக்கும் குறைவு. 10 சென்டிமீட்டர் இருக்கும். தண்ணீர் ஓடும் நாட்களில் அதன் பின்னால் சுழிகள் இடம், வலம், இடம், வலம் என்று மாறி மாறிக் கழன்று போகும். சிறு வயதில் அதைப் பார்த்துக்கொண்டே பள்ளிக்குத் தாமதமாகப் போய் அடி வாங்கியிருக்கிறேன். கல்லூரிக்கு வந்த பிறகுதான் அதற்குக் கார்மன் சுழி வரிசை என்று பெயர் உண்டென்றும், அதைக் கணக்கிட முடியும் என்றும் அறிந்தேன். அன்று பிடித்தது இந்தப் பைத்தியம்.

நீரும் காற்றும் ஓடும் விதத்தைச் சொல்லும் சமன்பாடுகளை நேவியர் 1822இலும் ஸ்டோக்ஸ் 1845இலும் எழுதினர். அவற்றுக்கு எப்போதும் ஒழுங்கான தீர்வு உண்டா என்று நிறுவுவோருக்கு 10 லட்சம் டாலர் பரிசு என 2000இல் அறிவித்தார்கள். இன்னும் யாரும் வாங்கவில்லை. (அந்தப் பரிசு எனக்குக் கிடைத்தால் இந்தக் கட்டுரைக்குத் தேவையே இராது!) காகிதத்தில் தீர்க்க இயலாததை எண்களால் தீர்ப்பதே கணிப்பொறி வழிப் பாய்ம இயக்கவியல். நீர் ஓடும் இடத்தைச் சிறு சிறு கட்டங்களாக அறுத்து, ஒவ்வொரு கட்டத்திலும் வேகம், அழுத்தம் ஆகியவற்றை நொடியின் சிறு துளி சிறு துளியாக முன்னேற்றிக் கணக்கிடுவார்கள்.

கணிப்பொறி வருமுன்னரே இதைக் கையால் செய்து பார்த்த மாமனிதர் ஒருவர் இருந்தார். இங்கிலாந்தின் லூயிஸ் ஃபிரை ரிச்சர்ட்சன் என்பார், முதல் உலகப் போரில் பிரான்ஸில் ஆம்புலன்ஸ் படையில் பணியாற்றிய காலத்தில், 1910ஆம் ஆண்டு மே 20ஆம் நாளின் வானிலையை ஆறு மணி நேரத்துக்கு முன்னேற்றிக் கணக்கிட்டார். ஆறு மணி நேரத்தைக் கணக்கிட அவருக்கு ஆறு வாரங்கள் ஆயின. விடை என்ன தெரியுமா? காற்றழுத்தம் 145 மில்லிபார் உயரும் என்று வந்தது. அன்று உண்மையில் அழுத்தம் ஏறத்தாழ அசையவே இல்லை! 1922இல் வெளியிட்ட நூலில் இத்தோல்வியையும் மறைக்காமல் அச்சிட்டு, 64,000 பேர் ஒரே மண்டபத்தில் அமர்ந்து கணக்கிட்டால் உலக வானிலையை அதன் வேகத்திலேயே பின்தொடரலாம் என்றும் கனவு கண்டார். பின்னாளில் அவருடைய முறையையே கணிப்பொறியில் போட்டுப் பார்த்தார்கள். அதே 145தான் வந்தது. பிழை கணக்கு வேகத்தில் இல்லை. தொடக்கத்தில் கொடுத்த காற்றின் அளவுகளும் அழுத்தத்தின் அளவுகளும் ஒன்றோடொன்று இசையாததில் இருந்தது. 64,000 பேர் கிடைத்திருந்தாலும் தவறான விடைதான் விரைந்து கிடைத்திருக்கும். கணிப்பொறி வாங்கக் கடைக்குப் போகிறவர்கள் முதலில் படிக்க வேண்டியது இந்தக் கதையை என்பேன்.

நான் அதைப் படிக்குமுன்பே கடைக்குப் போய்விட்டேன். நகரத்தின் பெரிய கடை, பெயர் வேண்டாம். கண்ணாடிப் பெட்டிக்குள் சிவப்பும் நீலமுமாக விளக்குகள் மின்ன, மூன்று விசிறிகள் சுழன்றுகொண்டிருந்தன. "எட்டு கோர் தம்பி, இதுல ஓடாதது எதுவுமே இல்லை" என்றார் விற்பனையாளர். விலை 58,500. நினைவகம் எத்தனை என்றேன். 16 ஜிகாபைட் என்றார். ஒரே பலகையா, இரண்டு பலகையா என்று அன்று நான் கேட்கவில்லை. கேட்கத் தெரியவில்லை. முன்பணம் கொடுக்கக் கையிலும் எடுத்துவிட்டேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று மறுநாள் வருவதாகச் சொல்லித் திரும்பினேன். அந்தப் பஸ்ஸுக்கு நான் நன்றி சொல்ல வேண்டும்.

நிற்க. அதற்கடுத்த வாரம் எங்கள் கல்லூரிக் கணினி ஆய்வகத்தில் ஒரு சோதனை செய்தேன். துறைத்தலைவர் அனுமதி தந்தார். ஆய்வகக் கணிப்பொறிகளில் லினக்ஸ் ஏற்கெனவே இருந்தது; ஓப்பன்ஃபோம் என்னும் இலவச மென்பொருளை நிறுவிக்கொண்டேன். லண்டன் இம்பீரியல் கல்லூரியில் உருவாகி, 2004இல் மூல நிரலோடு எல்லோருக்கும் பொதுவாக்கப்பட்டது அது. தொழிற்சாலைகளில் இதே வேலைக்கு லட்சக்கணக்கில் உரிமத் தொகை கட்டுகிறார்கள். நமக்கோ செலவு இல்லை. 20 லட்சம் கட்டங்கள் கொண்ட ஒரு கணக்கை 150 சுற்று ஓட்டினேன். அந்தக் கணிப்பொறியில் ஆறு கோர்கள். ஒரு கோர் மட்டும் வேலை செய்தபோது 62 நிமிடம். இரண்டு கோர்களுக்கு 36. நான்குக்கு 27. ஆறுக்கும் 27!

ஆறு பேர் வேலை செய்தும் நான்கு பேரின் வேலையே நடக்கிறது என்றால் மற்ற இருவர் என்ன செய்கிறார்கள்? விடுதிக்கு வந்து இரவு முழுக்க நிரலில் பிழை தேடினேன். பிழை இல்லை. ஞாயிறன்று ஊருக்குப் போனபோது அப்பாவிடம் பேச்சுவாக்கில் சொன்னேன். அவர் வெற்றிலையை மடித்துக்கொண்டே, "மடை ஒண்ணுதானேடா? வயல்ல பத்து ஆளு மண்வெட்டியோட நின்னா மட்டும் தண்ணி கூட வந்துருமா?" என்றார்.

அவ்வளவுதான் செய்தி. பாய்மக் கணக்கில் ஒவ்வொரு கட்டத்துக்கும் அக்கம்பக்கத்துக் கட்டங்களின் வேகத்தையும் அழுத்தத்தையும் நினைவகத்திலிருந்து எடுத்துவர வேண்டும். கொஞ்சம் கூட்டல், கொஞ்சம் பெருக்கல். மறுபடி கொண்டுபோய் வைக்க வேண்டும். எடுத்துவரும் வேலை மலையளவு, கணக்கிடும் வேலை கையளவு. செயலி எவ்வளவு வலியதாயினும் நினைவகம் ஊற்றுகிற அளவுக்குத்தான் அது குடிக்க முடியும். நினைவகத்திலிருந்து செயலிக்கு வரும் வாய்க்காலைச் 'சானல்' என்கிறார்கள். டிடிஆர்4-2666 வகை நினைவகமாயின் ஒரு சானலில் நொடிக்கு 21.3 ஜிகாபைட் ஓடும். எங்கள் ஆய்வகக் கணிப்பொறியில் இரண்டு சானல்களுக்கு இடம் இருந்தும் ஒரே ஒரு 8 ஜிகாபைட் பலகைதான் சொருகியிருந்தது. இரண்டு மடை கட்டி ஒன்றை மண்ணால் அடைத்துவைத்த கதை!

ஆய்வக உதவியாளர் அண்ணனிடம் கெஞ்சினேன். "அண்ணே, பக்கத்து மிஷின்ல இருக்கிற பலகையைக் கழட்டி ஒரு மணி நேரம் இதுல போட்டுக்கறேன்." அவர் திருப்புளியோடு பக்கத்திலேயே நின்றார், நான் எதையோ திருடிவிடுவேன் என்பதுபோல. பலகையைச் சொருகி, ஆறு கோர்களோடு அதே கணக்கை ஓட்டினேன். 16 நிமிடத்தில் முடிந்தது. அண்ணனும் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு அவரே நாற்காலி இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "இன்னொரு தடவை ஓட்டு, பாப்போம்" என்றார்.

எனவே நண்பர்களே, குறைந்த பணத்தில் பாய்மக் கணக்குக்கென்று கணிப்பொறி வாங்குவோர் கோர்களை எண்ணுவதற்கு முன்னால் சானல்களை எண்ண வேண்டும் என்பது என் கருத்து. 16 ஜிகாபைட் ஒரே பலகையாக வேண்டாம். 8, 8 என இரண்டாகக் கேளுங்கள். கடையில் கண்ணாடிப் பெட்டிக்குள் மின்னிய அந்தக் கணிப்பொறியில் ஒரே பலகைதான் இருந்ததாம்; பிறகு தொலைபேசியில் விசாரித்தேன். நினைவகத்தின் கொள்ளளவுக்கும் ஒரு கணக்கு உண்டு. ஓப்பன்ஃபோம் போன்றவற்றில் 10 லட்சம் கட்டங்களுக்கு ஏறத்தாழ 1 முதல் 2 ஜிகாபைட் பிடிக்கும். ஆகவே 16 ஜிகாபைட்டில் மாணவன் ஒருவன் செய்ய விரும்பும் அநேக கணக்குகள் அடங்கும். 2025ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து நினைவகத்தின் விலை ஏறிவிட்டது என்பது வேறு வருத்தம்.

பழைய 'சர்வர்' வாங்கலாமே என்றொரு யோசனை மூத்த மாணவர் ஒருவர் சொன்னார். யோசனை நல்லதே. 2016இல் வந்த இன்டெல் ஜியான் ஈ5-2600 வி4 வகைச் செயலிக்கு நான்கு சானல்கள். டிடிஆர்4-2400 நினைவகத்தோடு ஒரு செயலிக்கு நொடிக்கு 76.8 ஜிகாபைட், இரண்டு செயலிகள் உள்ள பலகையில் 153.6. இன்றைய சாதாரண மேசைக் கணிப்பொறி டிடிஆர்4-3200 நினைவகம் இரண்டு சானலிலும் போட்டால் 51.2தான். நிறுவனங்கள் கழித்துப்போட்ட பழைய பொருள் புதியதை மும்மடங்கு மிஞ்சுகிறது! ஆனால் மின்சாரம்? அத்தகைய பெட்டி 350 வாட் இழுக்கும் என்று கொள்வோம். இரவுக்குப் பத்து மணி நேரம் ஓடினால் 3.5 யூனிட். அறுபது இரவுகளுக்கு 210 யூனிட். 2016இல் வந்த, இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்ற சலுகைக்குள் விளக்கு எரிக்கப் பழகிய வீடு எங்களுடையது. என் சுழிகளுக்காக அம்மா மின்விசிறியை நிறுத்திவிட்டுத் தூங்க வேண்டுமா? சத்தமும் மாவு மில் போல இருக்குமாம். அதைக் கைவிட்டேன். மின் கட்டணம் பற்றிக் கவலை இல்லாதவர்கள் தாராளமாக வாங்கலாம்.

கிராபிக்ஸ் கார்டு பற்றியும் சொல்லாமல் விடலாகாது. என்விடியா ஆர்டிஎக்ஸ் 3060, 12 ஜிகாபைட் வகையில் நினைவகம் நொடிக்கு 360 ஜிகாபைட் ஊற்றும். கேட்கவே ஆசையாக இருக்கிறது அல்லவா? ஆனால் இரட்டைத் துல்லியக் கணக்கில் அதன் வேகம் ஒற்றைத் துல்லியத்தில் 64இல் ஒரு பங்குதான். மேலும் வழக்கமாக நிறுவும் ஓப்பன்ஃபோம் அதைத் திரும்பியும் பார்க்காது, செயலியில்தான் ஓடும். லாட்டிஸ் போல்ட்ஸ்மன் என்னும் முறைக்கு மட்டும் அது கற்பகத்தரு. இன்ன முறையில்தான் கணக்கிடப் போகிறோம் என்று முடிவு செய்தவர்கள் வாங்கட்டும். முடிவு செய்யாதவர்கள் வாங்கினால் அது விளையாடத்தான் பயன்படும். விளையாடுவது பாவமில்லை, அக்காவின் பணத்தில் என்பதுதான் இடிக்கிறது.

இனி, எல்லாவற்றினும் மலிவான கருவி ஒன்றைச் சொல்லப் போகிறேன்: நிரலைத் திருத்தி எழுதுவது. குழாயின் பின்னால் சுழி வரும் கணக்கை லாட்டிஸ் போல்ட்ஸ்மன் முறையில் நானே எழுதினேன். நீளவாக்கில் 400, அகலவாக்கில் 100; ஆக 40,000 கட்டங்கள். முதலில் பைத்தான் மொழியில், கட்டம் கட்டமாகச் சுற்றிவரும்படி எழுதினேன். அக்காவின் மடிக்கணினியில் ஒரு படிக்கு ஒன்றரை நொடிக்கு மேல் ஆயிற்று. 20,000 படிகள் முடிய ஓர் இரவு போதவில்லை. பிறகு அதையே சி மொழியில் எழுதினேன். ஒரு நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதல், அவ்வளவே! எந்தக் கடையில் எத்தனை லட்சம் கொடுத்தால் இந்த வேக உயர்வு கிடைக்கும்?

விடையும் முழுச் சரி என்று சொல்ல மாட்டேன். சுழி கழலும் வேகத்தை ஸ்ட்ரூஹால் எண் என்பதால் அளப்பார்கள். ரேனால்ட்ஸ் எண் 100 ஆக இருக்கும்போது அது 0.16 அளவில் இருக்க வேண்டும். எனக்கு 0.19 வந்தது. காரணம், பக்கச் சுவர்களைக் குழாய்க்கு மிக அருகில் வைத்திருந்தேன். அகலத்தைக் கூட்டக் கூட்ட விடை இறங்கி வந்தது. கட்டங்களின் எண்ணிக்கையும் ஏறியது. இங்கேதான் ஆசைக்கு அணை போட வேண்டும். முப்பரிமாணத்தில் கட்டத்தின் அளவைப் பாதியாக்கினால் கட்டங்கள் 8 மடங்காகும். காலப் படியையும் பாதியாக்கியாக வேண்டும் (கூரன்ட், ஃபிரெட்ரிக்ஸ், லெவி ஆகிய மூவர் 1928இலேயே கண்ட நிபந்தனை இது). ஆக வேலை 16 மடங்கு. இரண்டு மடங்கு விலையுள்ள கணிப்பொறி வாங்கியும் பாதித் துல்லியம் கூடக் கூடாது.

எங்கள் ஊர் வாய்க்காலையே எடுத்துக்கொள்வோம். ஐந்து மீட்டர் தூரம் அளந்து பூவரச இலையை மிதக்க விட்டேன். பத்து நொடியில் கடந்தது. வேகம் நொடிக்கு அரை மீட்டர், குழாய் 10 சென்டிமீட்டர். ரேனால்ட்ஸ் எண் 50,000. எந்தச் சுருக்கு வழியும் இல்லாமல் அதன் எல்லாச் சிறு சுழிகளையும் கணக்கிட, ரேனால்ட்ஸ் எண்ணின் 9/4 அடுக்கு அளவுக்குக் கட்டங்கள் வேண்டும் என்பது பொது விதி. போட்டுப் பார்த்தால் 3,700 கோடிக் கட்டங்கள் வருகின்றன. அறுபதாயிரம் என்ன, ஆறு கோடியைக் கொட்டினாலும் அது ஒரு மாணவனின் கணக்கன்று. ஆனால் அந்த வேகத்தில் ஸ்ட்ரூஹால் எண் 0.2 அளவில் இருக்கும் என்பது சோதனைகளில் கண்டது. அதைக் கொண்டு, ஒரு பக்கத்தில் நொடிக்கு ஒரு சுழி கழல வேண்டும் என்று காகிதத்தில் போட்டேன். அப்பாவைக் கரையில் உட்காரவைத்து இடப்பக்கச் சுழிகளை மட்டும் எண்ணச் சொன்னேன். ஒரு நிமிடத்தில் 54 என்றார். 60க்கு 54! அன்று அவர், "இதைத்தான் காலேஜில சொல்லிக் குடுக்குறாங்களா?" என்று கேட்ட முகத்தை நான் மறக்க முடியாது.

பெரிய கணிப்பொறி இல்லாமல் ஒன்றும் நடக்காது என்பாருக்கு இன்னுமொன்று சொல்வேன். 1982இல் கியா, கியா, ஷின் என்ற மூவர் மூடி நகரும் பெட்டிக்குள் சுழலும் நீரை 129க்கு 129 கட்டங்களில் கணக்கிட்டு வெளியிட்ட அட்டவணைகளோடுதான் இன்றும் உலகெங்கும் புது நிரல்களை ஒப்பிட்டுச் சரிபார்க்கிறார்கள். 129ஐ 129ஆல் பெருக்கினால் 16,641. ஒவ்வொன்றிலும் மூன்று எண்கள் வைத்தாலும் அரை மெகாபைட் கூட ஆகாது. அக்காவின் மடிக்கணினிக்கு அது தூசு. நம் நாட்டிலோ, பெங்களூரின் தேசிய வானூர்தி ஆய்வகத்தில் 1986இல் 'ஃப்ளோசால்வர்' என்ற இணைக் கணிப்பொறியைப் பாய்மக் கணக்குகளுக்கென்றே கட்டினார்கள். அதற்குள் இருந்தவை நான்கு 8086 செயலிகளும் அவற்றின் துணைச் சில்லான 8087உம்தாம். 1994இல் அமெரிக்காவின் நாசாவில் ஸ்டெர்லிங், பெக்கர் என்ற இருவர் கடையில் கிடைக்கும் 486 வகைச் செயலிகள் பதினாறை ஈதர்நெட் கம்பியால் கோத்து 'பியோவுல்ஃப்' என்று பெயரிட்டார்கள். பணமில்லாதவன் செய்வதைத்தான் அவர்களும் செய்தார்கள்.

எங்கள் ஆய்வகத்தில் 30 கணிப்பொறிகள் கம்பியால் கோத்தபடியே இருக்கின்றன. மாலை நான்கு மணிக்குப் பூட்டினால் மறுநாள் காலை பத்துக்குத்தான் திறக்கிறார்கள். கம்பி வழியாக நொடிக்கு 125 மெகாபைட்தான் போகும், உண்மைதான். நினைவகத்தோடு ஒப்பிட்டால் அது சொட்டு நீர். ஆயினும் ஒவ்வொரு கணிப்பொறிக்கும் 100க்கு 100க்கு 100 என்று 10 லட்சம் கட்டங்களைப் பிரித்துக் கொடுத்தால், பக்கத்துக் கணிப்பொறியோடு பரிமாற வேண்டியவை ஆறு முகங்களிலும் உள்ள 60,000 கட்டங்கள் மட்டுமே, நூற்றுக்கு ஆறு. எட்டுக் கணிப்பொறிகளைக் கோத்தால்கூட 80 லட்சம் கட்டங்களை ஓர் இரவில் ஒரு கை பார்க்கலாம். ஒவ்வொன்றிலும் இன்னொரு நினைவகப் பலகை மட்டும் சொருகிவிட்டால் கேட்கவே வேண்டாம். பூட்டிய அறைக்குள் இத்தனை இருக்க, ஒவ்வொரு மாணவனும் தன் வீட்டுப் பணத்தை எடுத்துக்கொண்டு கடைக்கு ஓட வேண்டும் என்பது என்ன நியாயம்? பாதுகாப்பு, மின்சாரம், ஆள் இல்லாமை என்று காரணங்கள் சொல்கிறார்கள். காரணங்கள் உண்மையே. ஆனால் சனிக்கிழமை ஒரு நாளும், வார நாட்களில் ஏழு மணி வரையிலும் திறப்பது முடியாத காரியம் அன்று. உதவியாளர் அண்ணன், கூடுதல் நேரப்படி கிடைத்தால் இருக்கத் தயார் என்கிறார்.

நான் என்ன வாங்கினேன் என்று கேட்பீர்கள். அலுவலகத்தில் பயன்படுத்திக் கழித்த மேசைக் கணிப்பொறி ஒன்று. நான்கு கோர், இரண்டு சானல், 8, 8ஆக 16 ஜிகாபைட். 19,000 ரூபாய். மின்சாரம் போனால் கணக்கு சாகாமல் இருக்க ஒரு யூபிஎஸ் 3,000. மீதி 38,000 அக்காவிடமே இருக்கிறது. விவரத்தைத் தொலைபேசியில் சொன்னபோது, "ரெண்டு பலகை சொருகினா சரியாப் போச்சா? இதுக்கா மூணு மாசம் யோசிச்ச?" என்று சிரித்தாள்.

ஆய்வகம் பற்றி முதல்வர் அவர்களுக்கு விண்ணப்பம் எழுதியிருக்கிறோம். இயற்பியலில் 11 பேரும் கணிதத்தில் 4 பேரும் கையெழுத்திட்டுள்ளனர். வேதியியல், கணிப்பொறி அறிவியல் நண்பர்களின் கையெழுத்தும் வேண்டும். தாள் இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் வாசல் பக்கத்து மேசை இழுப்பறையில் இருக்கிறது. மதிய இடைவேளையில் நான் அங்கேதான் இருப்பேன்.